மூன்றாவது முறை பூட்டிய வண்டி

அண்ணிக்கு,

அடுப்பில் சீரகம் கருகிவிட்டது. வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்கலாம் என்று போட்டேன். அதற்குள் இடுப்பில் ஒரு வலி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். லோகோ ஷெட்டின் கரிப்புகை உள்ளே வருகிறதென்று ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தேன். இந்த விழுப்புரம் ரயில்வே லைன் வீட்டில் இருப்பதே ஒன்றரை அறை. அது முழுக்கக் கருகிய சீரக வாசனை. அந்த வாசனையோடு உங்கள் நினைப்பும் வந்துவிட்டது.

நான் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. இது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போனது போன ஐப்பசியில். இது தங்கியது கார்த்திகையில். சொல்லியிருந்த நாள் கடந்து இன்றோடு எட்டு நாள் ஆகிறது. எப்போது வேண்டுமானாலும் ஆகலாம் என்கிறார் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. எப்போது வேண்டுமானாலும் என்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி உலை வைப்பது, எப்படித் துணி துவைப்பது? இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். உட்கார்ந்தால் விலாவுக்குக் கீழே முட்டுகிறது. படுத்தால் நெஞ்சுக்கரிப்பு. நின்றால் கால் இரண்டும் வீங்கிக் கனக்கிறது. நடந்தால் மட்டும் கொஞ்சம் தேவலாம். ஆனால் எவ்வளவு நேரம்தான் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பது? இருப்புக்கொள்ளவில்லை அண்ணி. நடுவில் ஒன்று ஆறாம் மாசத்தில் தங்காமல் போனதால் பயமும் கூடவே இருக்கிறது. அவர் ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார். பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். பேச ஆள் இல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாப்பா பிறந்த அந்தச் சித்திரை மாசத்தை நினைத்துப் பார்க்கிறேன். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குத் தாய் இல்லை. அண்ணனும் நீங்களும்தான் என் தாய் வீடு. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து என்னை அழைத்துப்போக இரண்டு பேரும் வந்தீர்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால், எனக்கு வளையல் போட உங்களை யாரும் கூப்பிடவில்லை. நீங்களும் அதை எதிர்பார்க்காதவர்போல் பின்கட்டில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

நம் வீட்டு வாசலில் நின்றால் பெருமுக்கல் மலை தெரியும். கடைசி மாசத்தில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு களத்துக்கும் வாசலுக்கும் நடந்ததுதான் எனக்கு வேலை. நீங்கள் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டே, நான் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்திப் பார்ப்பீர்கள். கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் ஓடிவந்து நீவிவிடுவீர்கள். இடுப்புக்கு வெந்நீர் ஊற்றுவீர்கள். ஆனால் வயிற்றின் மேல் மட்டும் உங்கள் கை பட்டதே இல்லை. முதலில் எனக்கு அது தெரியவில்லை. ஒருநாள் வெந்நீர் ஊற்றும்போது நான் திரும்ப, உங்கள் கை சட்டென்று பின்னால் போனது. அப்போதுதான் புரிந்தது. ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை இல்லாதவள் கை படக்கூடாதென்று.  

வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் எல்லாம் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை தாண்டாது என்றாள் மருத்துவச்சி. வயிறு இறங்கிவிட்டது, நாளைக்கே ஆகிவிடும் என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஆண் பிள்ளைதான், அதனால்தான் தாமதம் என்றார் ஒருவர். வெள்ளி போய், சனி போய், அடுத்த வெள்ளியும் வந்தது. நான் உங்களைக் கேட்பேன், எப்போது அண்ணி ஆகும் என்று. நீங்கள் ஒரே பதில்தான் சொல்வீர்கள். “தெரியலியேம்மா.” அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் தடவை வலி எடுத்தது ஒரு காலையில். அண்ணன் வண்டியில் வைக்கோல் பரப்பிச் சாக்கு விரித்து, என்னை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். போய்ச் சேர்வதற்குள் வலி நின்றுவிட்டது. சூட்டு வலி, போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் அதேபோல் வலித்தது. நீங்கள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தீர்கள். சூட்டு வலி என்றால் அடங்கும், நிஜ வலி என்றால் கூடும் என்பார்களே. கூடியதுபோல் இருந்தது. மறுபடியும் வண்டி, மறுபடியும் திண்டிவனம். கட்டிலில் ஏறிப் படுத்தேன், வலி காணாமல் போனது. அங்கே துப்புரவு செய்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை முட்டியது.

திரும்பி வரும் வழியில் உச்சி வெயில். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. நீங்கள் ஈரத்துணியை என் கழுத்தில் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் இருக்குமோ என்னவோ என்று மெதுவாகச் சொன்னீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் அதுவரை உங்களை நீங்கள், வாருங்கள் என்று தவிரப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

“நீ ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வாய மூடிக்கினு வா.”

அண்ணன் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார். மாடு நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மறுபடியும் ஓட்டினார். நீங்கள் என் கழுத்தில் போட்ட துணி காய்ந்ததும் எடுத்து, கூஜாத் தண்ணீரில் நனைத்து, மறுபடியும் போட்டீர்கள். வீடு வரும்வரை அதைச் செய்துகொண்டே வந்தீர்கள்.   அப்படிச் சொன்ன மறுநிமிஷமே எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்காமல் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். உங்கள் கண் வீங்கியிருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுதான் தனம்,” என்றீர்கள். “தெரிஞ்சவங்கல்லாம் வந்து சொல்லிட்டு அவங்கவங்க வூட்டுக்குப் போயிட்டாங்க. தெரியாதவ கூடவே உக்காந்துக்கினு இருக்கறேன். இருக்கட்டுமா, வேணாமா?”

இருங்கள் என்றேன். கூழைக் குடித்தேன். மன்னிப்பு என்ற பேச்சு அங்கே வரவில்லை. அது வருவதற்கு நீங்கள் இடம் கொடுத்தீர்கள், நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பிள்ளை அசையாமல் போனது. காலையில் எழுந்ததிலிருந்தே அசைவில்லை. முதலில் தூங்குகிறது என்று நினைத்தேன். பிறகு வெல்லம் தின்று பார்த்தேன். இடது பக்கம் படுத்தேன், வலது பக்கம் படுத்தேன். வயிற்றை விரலால் தட்டினேன். வழக்கமாக உதைக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. வலியும் இல்லை. அத்தனை நாள் வலிக்கிறது வலிக்கிறது என்று அலறியவள், அன்று ஒரு வலி வராதா என்று தவித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் போனால் சிரிப்பார்கள் என்ற வெட்கம். உச்சிப்பொழுது வரைக்கும் களத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். நீங்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தீர்கள். என்ன என்று கேட்டீர்கள்.

“அசையல அண்ணி.”

“எப்பலருந்து?”

“விடிஞ்சதுலருந்து.”

நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். உங்கள் கை பாதி தூரம் வந்து நின்றது. நான் அதைப் பிடித்து இழுத்து என் வயிற்றின் மேல் வைத்தேன்.  பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, மண்டியிட்டு, காதை என் வயிற்றோடு ஒட்டி வைத்தீர்கள். வெளியே யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் போகும்வரை காத்திருந்து மறுபடியும் கேட்டீர்கள். இவ்வளவு நாளும் தொடாமல் இருந்தவர், கன்னம் பதிய, கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

“இன்னாமோ கேக்குது. உன்னுதா, புள்ளையோடதான்னு தெரியல. என்னுதா இருந்தாலும் இருக்கும்.”

அண்ணன் கிணற்றில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் வாசலுக்கு வந்து அவரைக் கூப்பிட்டீர்கள். அவர் தயங்கினார். மருத்துவச்சி சாயந்திரம் வருவாள், அவள் பார்த்துச் சொல்லட்டும், இரண்டு தடவை போய் அவமானப்பட்டது போதாதா என்றார். நீங்கள் அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அவங்களுக்குத் தெரியும், இவங்களுக்குத் தெரியும்னு இருக்க வேணாம். எனக்குத் தெரியல. தெரியாததாலதான் போலாம்னு சொல்றேன். சிரிச்சா என்னப் பாத்து சிரிக்கட்டும். ஜல்தியா வண்டியப் பூட்டுங்க.”

அண்ணன் கவலை மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டினார். வழி முழுக்க நீங்கள் என் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் உங்களை எடுக்க விடவில்லை. திண்டிவனம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. டாக்டரம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். துடிப்பு இருக்கிறது, ஆனால் சோர்ந்து இருக்கிறது என்றார். யாரும் சிரிக்கவில்லை. என்னைத் திருப்பி அனுப்பவும் இல்லை. வலி வர மருந்து கொடுத்தார்கள். மறுநாள் பகல் பாப்பா பிறந்தாள். கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுக் கொடி. நீலம் பாரித்துப்போய், அழாமல் வந்தாள். அவளைத் தலைகீழாகப் பிடித்து, முதுகைத் தட்டி, தண்ணீர் தெளித்து என்னவெல்லாமோ செய்தார்கள். பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் என்று தொடங்கிய டாக்டரம்மா மேலே சொல்லவில்லை.

இதுவரை எழுதியதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயந்திரம் கிளியனூரிலிருந்து என் மாமியார் வந்தார். பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்தார்கள். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பாப்பா உங்கள் மடியில் இருந்தாள். மாமியார் அவளை வாங்கிக்கொண்டு, நல்ல காரியம்மா, கொஞ்சம் வெளியே இரு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் முறை என்று நினைத்துச் சொன்னார். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். அண்ணி வைக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பதே உங்களால்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன். உங்கள் கொலுசு கதவுவரை போய் நின்றது கேட்டது.

அதற்குப் பிறகும் நீங்கள் மாறவில்லை. பாப்பா ஒவ்வொரு கோடைக்கும் அத்தை வீட்டுக்கு ஓடிவந்தாள். அவளுக்குப் பேன் பார்த்து, மல்லாட்டை அவித்துக் கொடுத்து, எண்ணெய் தேய்த்து அனுப்புவீர்கள். நான் வரும்போதெல்லாம் இந்தத் தடவை கேட்டுவிடுவோம் என்று நினைப்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டு எதிரே வருவீர்கள். இப்போது எதற்குப் பழசைக் கிளறுவது என்று விட்டுவிடுவேன்.

போன ஐப்பசியில் தகவல் வந்து பாசஞ்சர் பிடித்து வந்தேன். காய்ச்சல் உங்களைப் பாதியாக்கியிருந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும், உங்களுக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாளில் எழுந்து நடப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணனும் அதையே சொன்னார். எல்லாரும் போனபிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

“பொழச்சிக்குவனா தனம்?”

உங்களிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியல அண்ணி. நான் எங்கயும் போவல,” என்றேன்.

“அப்ப சரி,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். என் கையை மட்டும் விடவில்லை. அப்போதாவது கேட்டிருக்க வேண்டும்.  அதற்குள் அண்ணன் கஞ்சியோடு உள்ளே வந்தார். பிறகு நீங்கள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அந்த வண்டியில் சொன்ன வார்த்தைக்கும், ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்ட வார்த்தைக்கும் சேர்த்து இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி. நீங்கள் அன்றைக்கே மன்னித்திருப்பீர்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். எனக்குத் தெரியாது. உங்கள் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்ததுபோல் எழுதினால், உங்களோடு இருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஆகிவிடும். இப்போதெல்லாம் யாராவது பயந்துபோய் என்னிடம் வந்து உட்கார்ந்தால், எல்லாம் சரியாகிவிடும் என்று சட்டென்று சொல்லிவிடாமல் இருக்கப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இதுதான்.

எழுதும்போதே இரண்டு தடவை வயிறு இறுகித் தளர்ந்தது. முன்னதைவிடப் பின்னது கொஞ்சம் நீளம். நிஜ வலியா, சூட்டு வலியா தெரியவில்லை. காலையிலிருந்து பிள்ளை நன்றாக அசைகிறது. பாப்பா வந்ததும் ஷெட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய்விடப் போகிறேன். அதுவரைக்கும் எழுந்து நடக்கிறேன்.

தனம்