வேரில் இல்லாத துத்தநாகம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். அவளுக்குக் கீழ்வரிசையில் பல் எட்டிப் பார்க்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். நேற்று உங்கள் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் காம்பு போயிற்று. மாமா கோபப்படவில்லை. “அப்பன் சேத்தைக் கிளறுறான், பொண்ணு கண்ணாடியக் கடிக்கிறா, நல்ல வம்சம்மா” என்றார்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். உங்களுக்குப் படகுத்துறையில்தான் சிக்னல். அங்கே எப்போது பேசினாலும் பக்கத்தில் உங்கள் ஜூனியர் நிற்கிறாள். ஸ்பீக்கரில் வேறு போடுகிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு ஐஸ்பெட்டி கொண்டுவரும் படகுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவளுக்குச் சேற்றுக்கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறீர்களாம். அலையாத்திக் காட்டுச் சேற்றில் கால் புதையாமல் நடக்கிறாளாம். நல்லது. கல்யாணத்துக்கு முன் நானும் அதே சேற்றில் உங்களோடு மண் எடுத்தவள்தான். செருப்பைச் சேறு விழுங்கியபோது எனக்குக் கிடைத்த பெயர் ‘மண்டு’. போன மாதம்வரை உங்களை ‘சார்’ என்றவள், முந்தாநாள் “நீ சாப்பிட்டியா” என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் எழுதுவேனா?

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். ஆலைக்கழிவு வந்து சேரும் கால்வாயோரத்து வெண்கண்டல் மரத்தின் இலையில் துத்தநாகம் எகிறிக் கிடக்கிறது. “இந்த மரம் வேர்ல எதையும் தேக்கறதில்லக்கா, எல்லாத்தையும் இலைக்கு ஏத்திடுது. இதை நட்டே கால்வாயைச் சுத்தம் பண்ணிடலாம்” என்று உங்கள் ஜூனியர் சொன்னபோது குரலில் அவ்வளவு பெருமை. உங்களுக்கு அதற்கும் மேல். திங்கட்கிழமை கட்டுரை பேராசிரியருக்குப் போகிறது. உங்கள் பெயர், அடுத்தது அவள் பெயர்.

ஆனால் அதே மரத்தின் வேரிலும் அடிமண்ணிலும் துத்தநாகம் சாதாரணமாகத்தான் இருக்கிறது. செம்பும் ஈயமும் இலையில் ஏறவில்லை. மண்ணிலும் இல்லாமல் வேரிலும் இல்லாமல் இலைக்கு மட்டும் எந்த வழியாக வந்தது? முதலில் அவள்தான் எங்கேயோ கோட்டை விட்டிருப்பாள் என்று தேடினேன். மறைப்பானேன், ஆசையாகவே தேடினேன். அவள் பொடித்த மற்ற இடத்து இலைகளில் ஒரு குறையும் இல்லை.

போன முறை, வீட்டில் இன்னும் ஒரு நாள் இருக்கலாமென்று, அந்தக் கால்வாய் இலைகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தீர்களே. சமையல் மேடையில் கல்வத்தை வைத்துப் பொடித்துக்கொண்டிருந்தபோது பாப்பா அழுதாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் துணி மாற்றி, ஈரத்துணி உரசிய புண்ணுக்கு வெள்ளைக் களிம்பு தடவிவிட்டு, அதே கையோடு கல்வத்துக்குத் திரும்பினீர்கள். குளித்துவிட்டு வந்த நான் கதவருகே நின்று பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. இன்று அந்தக் களிம்பு டப்பாவைத் திருப்பிப் படித்தேன். அதில் முதலில் போட்டிருப்பதே துத்தநாக ஆக்சைடு.

பொறாமையில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். பொறாமைதான். அதற்காகக் களிம்பில் இருக்கும் துத்தநாகம் இல்லையென்று ஆகிவிடாது. நாளைக்கு வேறொருவர் அந்த இலையைப் பறித்துச் சோதித்தால் உங்கள் பேச்சு எடுபடுமா? உங்களை நம்பிக் கன்று நட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? மிச்சமிருக்கும் இலையை, பாப்பா இல்லாத இடத்தில், புதுக் கையுறையோடு பொடித்துப் பாருங்கள். அதுவரை கட்டுரையை அனுப்பாதீர்கள். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடியும் அதே அளவு வந்தால் அவள் சொன்னதுதான் சரி. முதலில் கைதட்டுவது நானாக இருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டாவது.

வராவிட்டால் அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சின்னப் பெண், இராப்பகலாக உழைத்திருக்கிறாள், மனசு விட்டுப்போகும். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

இல்லை, சொல்லுங்கள். வீட்டில் மனைவிக்குச் சந்தேகம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வேலை தெரிந்த ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா