கேள்வியை எழுதிக் கொடுங்கள்

மாட்டுங்கா, பம்பாய்
8-7-1984

அன்புள்ள அப்பாவுக்கு,

அபயாவின் நமஸ்காரம். நானும் அம்மாவும் சௌக்கியம். மஸ்கட் வெயிலில் நீங்கள் மோர் குடிக்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே மழை விடவேயில்லை. முழங்கால் தண்ணீரில் காலேஜுக்குப் போய் வருகிறேன்.

கெமிஸ்ட்ரி வாய்மொழித் தேர்வில் ஏன் மார்க் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். பயந்துவிட்டேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். பயமில்லை அப்பா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினருக்கு அடர்ந்த மீசை. உதடு தெரியவில்லை. அவர் ஒன்று கேட்டார், நான் வேறொன்றுக்குப் பதில் சொன்னேன். படிக்காமல் வந்த பெண் என்று நினைத்துக்கொண்டார்.

வகுப்பிலும் அதே கதை. கேல்கர் சார் போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறார். என் காது மெஷினில் ஃபேன் இரைச்சலும் லோக்கல் ரயிலும்தான் கேட்கின்றன. பக்கத்தில் உட்காரும் ஷ்யாமளாவின் நோட்டைப் பார்த்து எழுதியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். இது கடைசி வருஷம். முன் பெஞ்சில் இடம் வேண்டும், எங்களைப் பார்த்துப் பேச வேண்டும், வாய்மொழித் தேர்வில் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பிரின்சிபாலிடம் கேட்கப் போகிறேன். சரி என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள்
அபயாம்பாள்

மஸ்கட்
22-7-1984

என் அருமை அபயாவுக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்ததிலிருந்து ஆபீஸ் வேலையில் மனம் நிற்கவில்லை.

இப்போது வேண்டாம் அம்மா. செம்பூர் அனந்தநாராயணன் வீட்டில் ஜாதகம் பொருந்தியிருக்கிறது. தீபாவளிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பாங்கில் இருக்கிறான். உனக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அதை நீயே ஊரைக் கூட்டிச் சொல்லுவானேன்? போன தடவை டிரங்க் காலில் நான் பேசியதெல்லாம் உனக்கு நன்றாகக் கேட்டதே. சரி அப்பா, சரி அப்பா என்று அழகாகப் பதில் சொன்னாய்.

மெஷினைத் தாவணிக்குள் வைத்துக்கொள். ஷ்யாமளா பக்கத்தில் உட்கார். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு.

அன்புள்ள அப்பா,
வேங்கடசுப்ரமணியன்

மாட்டுங்கா
5-8-1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பிரின்சிபாலைப் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவும் வந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார், எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். காது கேட்காத பெண்ணுக்கு சயன்ஸ் எதற்கு, வீட்டோடு வைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டாராம். அம்மா பாதி ஹிந்தியிலும் பாதி தமிழிலும் சொன்னாள்: "காதுதான் கேக்கலை சார். படிப்பு நன்னா வரது. நீங்க அவ மொகத்தைப் பாத்துச் சொன்னாப் போறும், வேற ஒண்ணும் வேண்டாம்."

அம்மா ஒரு ஆபீசில் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் பிரின்சிபால்.

டிரங்க் கால் பற்றி எழுதியிருந்தீர்கள். கீழ்வீட்டு பஞ்சாபகேசன் மாமா வீட்டு ஃபோனில் நீங்கள் பேசும்போது எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை அப்பா. அம்மாவும் ரிசீவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பாள். என் கையை அழுத்தினால் 'சரி அப்பா' என்பேன். உங்கள் குரல் எப்படியிருக்கும் என்பது, சின்ன வயதில் காதைக் கெடுத்த அந்த ஜுரத்துக்கு முன்னால் கேட்டதுதான் ஞாபகம். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் தூங்கப் போகும்வரை யோசிப்பேன்.

உங்கள்
அபயா

மஸ்கட்
2-9-1984

அபயாவுக்கு,

ஆசீர்வாதம். அனந்தநாராயணன் எழுதியிருக்கிறார். அவர் தங்கை பிள்ளை உன் காலேஜில்தான் படிக்கிறானாம். இத்தனை பெரிய விஷயத்தை மறைத்தீர்களே என்று கேட்கிறார். ஏதோ சளி, சரியாகிவிடும் என்று அவருக்கு எழுதவா? நீயும் பிரின்சிபாலிடம் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் எல்லாம் அடங்கிவிடும்.

ஃபோனைப் பற்றி நீ எழுதியதை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

அப்பா

மாட்டுங்கா
20-9-1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். சளி என்று எழுதாதீர்கள். திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டேன்.

முன் பெஞ்ச் கிடைத்துவிட்டது. வாய்மொழித் தேர்வு மட்டும் வருகிற எக்ஸாமினரின் இஷ்டமாம். கேல்கர் சார் இரண்டு வாக்கியம் எங்களைப் பார்த்துச் சொல்கிறார், மறந்துபோய் போர்டுக்குத் திரும்புகிறார். ஷ்யாமளா பெஞ்சைத் தட்டுகிறாள். மொத்த வகுப்பும் என்னைத்தான் பார்க்கிறது. பையன்கள் சத்தமில்லாமல் வாயை அசைத்து எனக்குச் சோதனை வைக்கிறார்கள். ஒருத்தனிடம், "தொண்டை அசையவில்லை, நீ பேசவேயில்லை" என்று ஹிந்தியில் சொன்னேன். அதன்பிறகு அவன் வருவதில்லை.

கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது. மறுநாள் வகுப்பில் பாடம் புரிகிறது. மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

என் மேல் கோபமென்றால் கோபமாகவாவது எழுதுங்கள்.

அபயா

மாட்டுங்கா
31-3-1985

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மாவுக்கு மட்டும் எழுதினீர்கள். இருந்தாலும் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நேற்று வாய்மொழித் தேர்வு. 'தயவுசெய்து கேள்வியை எழுதிக் கொடுங்கள்' என்று எழுதிய காகிதத்தை எக்ஸாமினர் முன்னால் வைத்தேன். நேரமில்லை என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த பெண்ணும் வந்து நின்றுவிட்டாள். அப்போது கேல்கர் சார் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்து, தன் பேனாவைத் திறந்தார். "நீங்கள் கேளுங்கள், நான் எழுதுகிறேன்" என்றார். அவர் உதட்டிலிருந்து அது எனக்கு முழுசாகப் புரிந்தது.

எக்ஸாமினர் எரிச்சலோடுதான் கேட்டார். சார் எழுத எழுத நான் பதில் சொன்னேன். நடுவில் எக்ஸாமினரே பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தார். கடைசிக் கேள்விக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன். பாடம் தெரியாமல் தப்பாகச் சொன்னேன் அப்பா, கேட்காமல் அல்ல. வெளியே வந்து ஷ்யாமளாவிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவளுக்குப் புரியவில்லை.

பாஸாகிவிட்டால் எம்.எஸ்ஸி.க்கு கலீனா யூனிவர்சிட்டியில் அப்ளிகேஷன் போடுவேன். அங்கே யாரும் என்னை அறியமாட்டார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

உங்கள்
அபயா

மஸ்கட்
19-4-1985

என் அருமை அபயாவுக்கு,

ஆசீர்வாதம். உனக்கு எழுத உட்கார்ந்த போதெல்லாம் கை ஓடவில்லை. கோபம் பெண் பார்க்க வராமல் ஒதுங்கிக்கொண்ட செம்பூர்க்காரர்கள் மேலா, உன் மேலா, என் மேலா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் நிம்மதி வரவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் நேற்று ஆபீஸ் டைப்ரைட்டரில் கலீனாவுக்கு ஒரு கடிதம் அடித்தேன். இங்கிலீஷில் இருக்கிறது. சாரம் இதுதான்: 'என் மகளுக்குக் காது கேட்காது. முகத்தைப் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள். முன் வரிசையில் இடம் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்வியை எழுதிக் கொடுங்கள்.' முதல் வரியை அடிக்கத்தான் நேரமாயிற்று.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ படித்துப் பார். அங்கே உனக்கு வேறென்ன வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. விட்டுப்போனதை எழுதி அனுப்பு, சேர்த்து அடித்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புள்ள அப்பா,
வேங்கடசுப்ரமணியன்