உட்கார்ந்தால் போய்விடும் வலி

அக்கா,

தாடிக்கொம்பிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் இன்று ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலில் வலித்தைலம் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள்மேல் இல்லை. அதே தைலத்தை மாதக்கணக்கில் உன்னைத் தேய்க்க வைத்தவர்கள்மேல்.

நூல் மில்லில் நம் வேலையே நடப்பதுதான். ஓடும் மெஷின்களுக்கு நடுவே போய்ப் போய் வந்து, அறுந்த நூலை ஒட்ட வேண்டும். என்னைவிட வேகமாக நடந்தவள் நீ. அந்த நீ ஒரு நாள் பாதி வரிசையில் நின்றுவிட்டாய்.

"கெண்டைக்கால்ல கல்லைக் கட்டுன மாதிரி இருக்குடி. செத்த நேரம் நின்னா போயிரும்" என்றாய். போயும் விட்டது. மறுபடி நடந்தாய், மறுபடி வந்தது.

நின்றால் வலி போனதுதான் உனக்கு வினையானது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டான்: "நடந்தா வலிக்குது, நின்னா வலிக்கலையா? இம்புட்டு நல்ல வலி எனக்கும் வந்தாத் தேவலையே!" சிரித்தார்கள். உன் வீட்டுக்காரரும் விடவில்லை. "டிவி முன்னாடி உக்காந்தா மட்டும் சரியாயிருதாக்கும்."

உனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த டாக்டராவது காலைப் பார்த்தாரா? நானும் கூட வந்திருந்தேனே. நிமிராமலேயே, "வயசாகுதுல்லம்மா, வாயுதான். ரொம்ப நடக்காதீங்க" என்று மாத்திரையும் தைலமும் எழுதிக் கொடுத்தார்.

செருப்புக் கடித்த புண் ஆறாமல், பெருவிரல் கறுத்த பிறகுதான் மதுரைக்குப் போனோம். அங்கேதான் முதன்முதலாக ஒருவர் உன் காலைத் தொட்டார். அந்த லேடி டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடினார். கிடைக்கவில்லை.

"நடந்தா வலிக்கத்தாம்மா செய்யும்" என்றார். "சதை வேலை செய்ய சர்க்கரையும் வேணும், ஆக்ஸிஜனும் வேணும். உங்க ரத்தத்துல சர்க்கரை நெறைஞ்சு கெடக்கு, ஆனா சதை அதைச் சரியா எடுத்துக்க மாட்டேங்குது. ரத்தக்குழாயும் அடைச்சிருக்கு, ஆக்ஸிஜன் போதல. சும்மா இருக்கையில இருக்கிறதை வச்சு சமாளிச்சுக்கும். நடந்தா பட்டினியோட வேலை செய்யுது. அந்த வலிதான் இது."

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப நான் நடிக்கலைல்ல?"

அந்தக் கேள்வியை உன் வாயிலிருந்து வரவழைத்த ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெரிய அடைப்பை மட்டும் நீக்கினார்கள், விரலைக் காப்பாற்ற முடியவில்லை. புண் ஆறியதும் அந்த டாக்டர் சொன்னது என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறியது. "நல்லா நடங்க. வலி வந்தா நில்லுங்க, விட்டதும் திரும்ப நடங்க. கிடைக்கிற ரத்தத்தை வச்சே வேலை செய்ய சதை பழகிக்கும்." நடக்க வைத்திருக்க வேண்டியவளை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், பாவிகள்!

நம்மூர் மலைக்கோட்டை அடிவாரத்தில் சாயங்காலங்களில் நடந்தோம். முதலில் டீக்கடை வரைக்கும்கூட உன்னால் வர முடியவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நிற்காமலே வெகுதூரம் நடந்தாய். அப்படி நடந்த ஒரு நாள், நேராகப் பழைய டாக்டரின் கிளினிக்குக்குள் போய், செருப்பைக் கழற்றி, அந்தக் காலை அவர் முன்னால் ஸ்டூலில் தூக்கி வைத்தாய்.

"இப்பவாச்சும் பாருங்க சார்."

 வெளியே வந்து, "வாடி, பருத்திப்பால் குடிப்போம்" என்றாய். அவ்வளவு நிம்மதியாக உன்னை நான் பார்த்ததில்லை.

கால் குழாயை அடைத்த அதே நோய் நெஞ்சிலும் இருந்திருக்கிறது. மாசியில் ஒரு நாள் காலையில், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாய். மாலையோடு வந்த சூப்பர்வைசர், "நல்ல உழைப்பாளி" என்றான். "உசுரோட இருக்கையில சொல்லியிருக்கணும்" என்றேன். சாவு வீட்டில் இதென்ன பேச்சு என்று என்னை அதட்டினார்கள். அதட்டட்டும்.

போன மாதம் நம் ஷிஃப்டில் சாணார்பட்டிக்காரி ஒருத்தி பாதி வரிசையில் நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் சர்க்கரை. சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வந்தான். "அவளை ஒரு வார்த்தை சொல்லிப் பாரு" என்று குறுக்கே போய் நின்றேன். மறுநாள் இருவரும் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் காலைத் தொட்டுப் பார்த்தால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பார்த்தார்கள். அடைப்பு ஆரம்பத்திலேயே தெரிந்தது.

கோபத்தை விட்டுவிடு என்கிறார்கள், அக்கா. விட மாட்டேன். அவள் பாதத்தில் எல்லா விரல்களும் இருக்கின்றன.