உங்க சட்டைப் பையில அடிச்ச போன்

என் பாசத்துக்குரிய அண்ணே,

வர்ற வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தலைத்திவசம். நினைவு மலர்ல போட ஏதாச்சும் எழுதிக்குடுன்னு மதினி கேட்டாக. தாலுகா ஆபீஸ்ல இருபது வருசமா கோப்புக்குக் குறிப்பு எழுதுற கை இது, அழுது எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

முதல்ல உங்க மக கயல் சேதி. பிளஸ் டூ போயிட்டா. உங்க மாதிரியே வாய். கையில சுகர் பாக்குற சென்சார் இருக்கு, அதுக்கு மேல நீங்க வாங்கி ஒட்டின டிரான்ஸ்மிட்டரும் இருக்கு. டேப்பு மட்டும் வேர்வையில பிச்சுக்கிட்டு வருது, நான்தான் மாத்தி ஒட்டுறேன்.

அதை நீங்க வாங்கினப்ப நான் கிண்டல் பண்ணினேன், ஞாபகமிருக்கா? வெறும் சென்சாரா இருந்தா போனைக் கொண்டுபோய்க் கையில காட்டினாத்தான் சுகர் எவ்வளவுன்னு சொல்லும். இது அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தானாவே கயல் போனுக்கு அனுப்பும், அங்கிருந்து உங்க போனுக்கு வரும், குறைஞ்சா கத்தும். பள்ளிக்கூடத்துக்காக அவ போனை ஊமையாக்கி வச்சிருந்தீக. கத்துறது உங்க போன் மட்டும்தான். "மோட்டார் வைண்டிங் கட்டுறவருக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னேன். "மோட்டார் சூடாகுறதே எனக்குத் தெரியுது, பெத்த புள்ள உடம்பு தெரிய வேணாமாத்தா?"ன்னீக.

நீங்க போன அன்னைக்குக் காலையில கயல் எப்பவும்போல இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டா. மதினி இட்லியை எடுத்து வைக்கிறதுக்குள்ள நீங்க வாசல்ல சாஞ்சுட்டீக. டாக்டர் வந்து கையை விரிச்சுட்டாரு. நான் காரைக்குடியிலருந்து பள்ளத்தூர் வந்து சேந்தப்ப உங்களை நடுவீட்டுல கிடத்தியிருந்தாக. எடுக்குற வரைக்கும் வீட்டுல அடுப்பு எரியாது, யாரும் வாயில எதையும் வைக்க மாட்டாக. அவிச்ச இட்லியைக்கூடத் தூக்கிக் கொட்டியாச்சு. அது வழக்கம். ஊசி போட்ட புள்ள சாப்பிடலைன்னா சுகர் இறங்கிரும், அவளுக்கு அந்த வழக்கம் ஆகாதுன்னு யோசிக்க அங்க யாருக்கும் புத்தி இல்ல.

உங்க சட்டை ஆணியில தொங்குச்சு. பையில இருந்த போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சேதி கேட்டு ஆளாளுக்குக் கூப்பிடுறாகன்னுதான் எல்லாரும் நினைச்சோம். "அதை யாராச்சும் அமத்துங்கப்பா"ன்னு பெரியப்பா சத்தம் போட்டாரு. ஒரு கை போய் அதை அணைச்சுச்சு.

கொஞ்ச நேரத்துல கயல் உங்க கால்மாட்டுலயே சரிஞ்சா. "அழுது அழுது மயங்கிருச்சு, தண்ணி தெளிங்க"ன்னாக. தலைவிரிகோலமா உக்காந்திருந்த மதினிதான் நிமிந்து பாத்து, "அய்யய்யோ, ஊசி போட்டவ, பச்சத்தண்ணி குடிக்கலையே!"ன்னு கத்தினாக. நான் ஓடிப்போய்ச் சீனி டப்பாவை எடுத்தாந்தேன். நல்லவேளை, அவளுக்கு முழுங்குற அளவுக்கு நினைவு இருந்துச்சு. உங்களைத் தூக்குறதுக்கு முன்னாடியே சாவு வீட்டுல ஒருத்தி சீனி தின்னான்னு இன்னும் சிலர் பேசுறாக. பேசட்டும்.

இப்ப உங்க போன் என் கைப்பையில இருக்கு. அளவு எனக்கும் வருது. மீட்டிங்ல அது கத்தினா தாசில்தாரே, "பாப்பாவுக்குப் போன் பண்ணுங்கம்மா"ங்குறாரு.

போன வாரம் கயல் உங்க போனை வாங்கி, அதுல சுகர் காட்டுற ஆப்புல பழைய கோடுகளைத் தள்ளிப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்தத் தேதியில கோடு கீழ இறங்குது, எச்சரிக்கை வரிசையா வந்திருக்கு, அப்புறம் எதுவும் இல்ல. "அத்தை, அன்னைக்கு அப்பா போனை யாரு அணைச்சது?"ன்னு கேட்டா.

"அந்தக் கூட்டத்துல யாரு கண்டாத்தா"ன்னு சொல்லிட்டு டேப்பை வெட்டினேன்.

நான்தான்ணே. பச்சைப் பொய் சொன்னேன். மேலயும் "ஒரு கை"ன்னுதான் எழுதியிருக்கேன் பாருங்க. ஆபீஸ் புத்தி, தப்பு பண்ணின ஆளு பேரை விட்டுட்டு எழுதுறது. கூப்பிடுறது யாருன்னு திரையை ஒருதரம் பாத்திருந்தாப் போதும். பாக்கலையே! உங்க புள்ளைக்காக நீங்க கடைசியாக் கத்தினதை அமத்தினவ நான்தான். நீங்க இருந்திருந்தா என்னைத் திட்டியிருப்பீகளா, இல்ல "விடுத்தா"ன்னுருப்பீகளா?

இதை மலருக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி கயலை உக்கார வச்சு நானே வாசிச்சுக் காட்டுவேன். அவ என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன். அவ பேசாமப் போனாலும், அந்தப் போனை மட்டும் இனி என் கை அணைக்காது.

உங்க தங்கச்சி,
கயலோட அத்தை,
செல்வி