நாற்பது வேகத்தில் இரண்டாவது கியர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன், உன் அப்பா வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறார், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் ஓடியாடிக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நீ நடுவிலேயே அழுதுவிடுவாய், நானும் நிறுத்திவிடுவேன். இது நிறுத்தாமல் சொல்லி முடிக்கவேண்டிய விஷயம், அதனால் உட்கார்ந்து படி.

நீ கொடுத்த பெட்ரோல் கார்டின் கணக்கு உன் போனுக்கு வருவதால் போன மாதம் கேட்டாயே, ஆறு கிலோமீட்டரில் இருக்கிற கைகால் பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள் அப்பாவைக் கூட்டிப்போய் வர இவ்வளவு பெட்ரோலா, வண்டியில் ஏதோ கோளாறு, மெக்கானிக்கிடம் காட்டும்மா என்று. காட்டினேன். நம் மெக்கானிக், அதுதான் அப்பா ஸ்பானர் என்று கூப்பிடுவாரே அவர், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், ஃபில்டரை மாற்றினார், டயரில் காற்று அளந்தார், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றினார். வண்டியில் ஒன்றும் இல்லை. எனக்கு அது முன்பே தெரியும். நாற்பது வேகத்தில் இரண்டாவது கியரிலேயே ஓட்டினால் எந்த வண்டியும் அப்படித்தான் குடிக்கும். நான்காவது கியரில் சாதுவாகப் போகிற அதே வேகத்துக்கு இரண்டாவதில் இன்ஜின் இரண்டு மடங்கு சுற்றவேண்டும், கத்தவேண்டும். அது தெரியாமல் ஓட்டவில்லை, தெரிந்துதான் ஓட்டினேன்.

உன் அப்பா எப்படிப்பட்ட ஓட்டுநர் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி, டிப்போவிலேயே டீசல் குறைவாகச் செலவழித்தவர் என்று ஒன்பது தடவை கேடயம் வாங்கினவர். ஸ்பீடோமீட்டரைப் பார்க்கிறவன் ஓட்டுநரே இல்லை, காதால் ஓட்டணும் என்பார். இன்ஜின் கத்தினால் குடிக்கிறது, முக்கினால் அடிபடுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு முனகல் வரும், அங்கேதான் கியர் மாற்றணும் என்பார். அந்த முனகலை எனக்குக் கற்றுக்கொடுக்கத்தான் பழைய காரில் கூட்டிப்போனார். நீ பின் சீட்டில் இருந்தாய், உனக்கு ஒன்பது வயது. நான் கியர் மாற்றத் தாமதித்தால் கையில் இருக்கும் சின்ன ஸ்பானரால் என் விரல் முட்டியில் ஒரு தட்டு, அவசரப்பட்டு மாற்றினால் இன்னொரு தட்டு. மேம்பாலத்து ஏற்றத்தில் பயந்துபோய் மூன்றாவது கியரிலேயே வண்டியை முக்கவிட்டேன், பாதியில் நின்றுவிட்டது. பின்னால் எங்கள் தையல் கம்பெனி வேன், உள்ளே என்னோடு துணி வெட்டுகிற பெண்கள் அத்தனை பேரும். அவர் என் பக்கக் கதவைத் திறந்து, உனக்கு வண்டி எதுக்கு, இறங்கி நடந்து வா என்றார். நான்கு கிலோமீட்டர் நடந்தேன். நீ கண்ணாடி வழியாக எனக்கு டாட்டா காட்டினாய். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர்களிடம், இவ வண்டி ஓட்டினா பெட்ரோல் பங்க்காரன் மாடி வீடு கட்டிருவான் என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நீ குழந்தை, உன்மேல் கோபமில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, வேறு வழியில்லாமல் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்த பெண் பொறுமைசாலி, இரண்டே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அவருக்குப் புத்தி அப்படியே இருக்கிறது, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, வாயில் மட்டும் சரி என்ற ஒரே சொல் மிஞ்சியிருக்கிறது. பசிக்கும் சரி, வலிக்கும் சரி, கோபத்துக்கும் சரி. முதல் நாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியபோது நிஜமாகவே பயந்து இரண்டாவதிலேயே போனேன். இன்ஜின் அலறியது. திரும்பிப் பார்த்தால் அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. கியர் தண்டு அவருடைய செத்த கைப் பக்கம் இருக்கிறது. இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தார், சீட் பெல்ட் இழுத்துக்கொண்டது, சரி சரி சரி என்று கத்தினார். எனக்கு நன்றாக இருந்தது. அம்மாவா இப்படி எழுதுகிறாள் என்று திரும்பப் படிக்காதே, சரியாகத்தான் படித்தாய். அதற்கப்புறம் ஏழு மாதம், வாரம் மூன்று நாள், போகும்போதும் வரும்போதும் வேண்டுமென்றேதான் செய்தேன். சில நாள் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். துடைத்துவிடுவேன், கியரை மாற்றமாட்டேன்.

வண்டியைச் சோதித்த அன்று ஸ்பானர், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும், நீங்களே ஓட்டுங்கம்மா, நான் பின்னாடி உட்கார்ந்து கேக்குறேன் என்றார். அப்பாவும் வழக்கம்போல என் பக்கத்தில். ஊருக்கு வெளியே நான்கு வழிச்சாலையில் இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். வெளியாள் முன்னால் அசிங்கப்பட விருப்பமில்லாமல் ஒழுங்காக ஓட்டினேன். முனகல் வந்த இடத்தில் மூன்று, அடுத்த முனகலில் நான்கு, அறுபதில் ஐந்து, வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்தது. அம்மா, ஐயா கை அப்படியே உங்களுக்கு வந்திருக்கு என்று ஸ்பானர் பின்னாலிருந்து சொன்னார். உன் அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இத்தனை மாதமும் எனக்குத் தெரியாமல் செய்யவில்லை என்பது அந்த நிமிடம் அவருக்குப் புரிந்துவிட்டது. வீடு வரும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் பயிற்சி மையத்திலிருந்து வரும்போது மறுபடியும் இரண்டாவதில் போட்டு மிதித்தேன். அவர் கையை நீட்டவில்லை, கத்தவில்லை. மேம்பாலம் ஏறும்போது வாயைக் கோணிக்கொண்டு, எங்கிருந்தோ பிடுங்கி எடுத்தமாதிரி, நாலு என்றார். பதினொரு மாதத்தில் முதல் புதுச் சொல். என் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை, தண்ணீர்கூட இல்லை, நாலு. கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. வண்டியை ஓரம் கட்டினேன், அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன், பெல்ட்டைக் கழற்றினேன், இறங்கி நடந்து வாங்க என்றேன். கோபத்தில் வந்த சொல் என்று நீ நினைத்துக்கொள்ளலாம். நான் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் இடது காலை வெளியே வைத்தார். கதவைப் பிடித்து எழுந்து நின்றார். ஒரு அடி எடுத்தும் வைத்தார். கையை நீட்டினால் பிடித்திருக்கலாம், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முழங்கால் மடங்கி ரோட்டில் விழுந்தார். பார்சல் கொண்டுபோகிறவர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கினார், என்னம்மா ஆச்சு என்றார். அவரே இறங்கிட்டார், சொன்னா கேக்கமாட்டேங்கிறார் என்றேன். ஏன் ஐயா இப்படிப் பண்றீங்க, பாவம் அந்தம்மா தனியா என்ன பண்ணுவாங்க என்று அந்த மனிதர் உன் அப்பாவுக்குப் புத்தி சொன்னார். அதற்கு உன் அப்பா சரி என்றார். வீடியோவில் நீ பார்த்த முழங்கால் கட்டு குளியலறையில் வழுக்கியது என்று சொன்னேனே, அது பொய்.

அன்று ராத்திரி முழுக்க அழுகை வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான். நீ அங்கே எல்லோரிடமும் எங்கம்மா மாதிரி யார் பார்த்துக்குவாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய், இனிச் சொல்லாதே. அவரை என் கையில் தனியாக விட்டுவைப்பது நல்லதில்லை. பயிற்சி மையத்து வேனே வந்து கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டேன். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், பொறுமையானவர், அவர் குளிப்பாட்டினால் அப்பா முகம் சுளிப்பதில்லை. நீ வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, அப்பாவை எங்கே வைப்பது என்று முடிவுசெய். நீ எதைச் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். மன்னிப்புக் கேள் என்று மட்டும் சொல்லாதே, எனக்கு அது இன்னும் வரவில்லை, அவருக்கும் கேட்கிற வாய் இல்லை.

காரை விற்கவேண்டாம். ஆள் வந்ததும் தினமும் காலையில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறேன், போக இடமில்லை, சும்மாதான். அந்த ஆள் நேற்று ஒன்று சொன்னார். நான் வண்டியைக் கிளப்பினதும் அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரலை ஒவ்வொன்றாக நீட்டுகிறாராம். தெருவில் ஒன்று, இரண்டு, மருந்துக்கடை தாண்டினதும் மூன்று, வளைவுக்கு அப்புறம் நான்கு. அதோடு கட்டைவிரலை மடக்கிவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருக்கிறாராம், எதுக்கும்மா அது என்று கேட்டார். தெரியவில்லையே என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவதை நான் பெரிய சாலையில்தான் போடுகிறேன், அது வீட்டுக்குக் கேட்காது.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக நீண்ட நாள் வாழவேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இந்த ஆள் அடுத்த மாதக் கடைசி வரைதான் இருப்பார், அதற்குள் லீவு போட்டுவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா