பதினான்கு கணினிகளின் தடுப்பும் ஒரு சீரியல் விளக்கும்

அனுப்புநர்
கோ. முத்துலட்சுமி,
இளநிலை உதவியாளர் (கணினிப் பிரிவு),
கடலோர நீர்மட்டக் கணக்கெடுப்பு அலுவலகம்,
அடையாறு, சென்னை-20.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
கடலோர நீர்மட்டக் கணக்கெடுப்புத் துறை,
சென்னை.

பொருள்: அலுவலகக் கணினிகள் அனைத்திலும் ஃபயர்வாலை நீக்கியது – கண்காணிப்பாளரின் வாய்மொழி உத்தரவு – என் மீது 17(ஆ) குறிப்பாணை – ரத்து செய்யக் கோருதல்.

பார்வை: கண்காணிப்பாளரின் குறிப்பாணை, நாள் 22.10.1999.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவை உரிய வழியாக அனுப்பாததற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். உரிய வழி என்பது எங்கள் கண்காணிப்பாளர் திரு. சுவாமிநாதன். மனுவும் அவரைப் பற்றியதே.

2. எங்கள் அலுவலகத்தில் பதினான்கு கணினிகளும், கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பிரிண்டரும் உள்ளன. ஒரு கணினியில் உள்ளதை இன்னொரு கணினி எட்டிப் பார்க்காமல் தடுக்கும் ஃபயர்வால், கணினிகள் வந்தபோதே உள்ளே இருந்தது. எட்டு மாதமாக அந்தத் தடுப்பும் பிரிண்டரும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

3. கடந்த 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை போட்டோம். பிரிண்டருக்குப் பக்கத்தில் சரஸ்வதி படம் வைத்து, கண்காணிப்பாளரே தம் கையால் சீரியல் விளக்கு மாட்டினார். தீபாவளி வரை அதை யாரும் கழற்றக் கூடாது என்றும் சொன்னார். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை.

4. விடுமுறை முடிந்து 20ஆம் தேதி வந்தால் பிரிண்டர் அசையவில்லை. தங்களுக்கு அனுப்ப வேண்டிய ஊழியர் இரகசியக் குறிப்புகளை அச்சிட, கண்காணிப்பாளர் தம் அறையிலிருந்து கட்டளை கொடுத்தும் ஒரு தாளும் வரவில்லை. எல்லாம் ஃபயர்வாலின் வேலை என்று அவரே முடிவு செய்தார். அதை நீக்கினால் ஒருவர் கணினியில் உள்ளது எல்லோருக்கும் தெரியும் என்று எடுத்துச் சொன்னேன். "தெரிஞ்சா தெரியட்டுமே. நம்ம ஆபீஸ்ல என்னம்மா ரகசியம் இருக்கு? எல்லா மெஷின்லயும் எடுத்துடுங்கோ" என்றார். எழுத்தில் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரு பேப்பரா?" என்று எரிந்து விழுந்தார். கூடத்தில் இருந்த அனைவரும் கேட்டார்கள்.

5. காலை பத்தரையிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை, சாப்பிடக்கூடப் போகாமல், பதினான்கிலும் நீக்கினேன். ஒன்பதாவது கணினியில் யாரோ விசைப்பலகைக்கே குங்குமம் வைத்திருந்ததால் அதற்கு மட்டும் அரை மணி ஆயிற்று. பிரிண்டர் அப்போதும் அசையவில்லை. கண்காணிப்பாளர் காபி குடிக்கப் போய்விட்டார்.

6. அந்த நேரத்தில் தட்டச்சர் ரத்னாவின் திரையில் 'இரகசியம்' என்ற பெயரில் ஒரு கோப்புறை தெரிந்தது. கண்காணிப்பாளருடையது; உள்ளே எங்களைப் பற்றிய அந்தக் குறிப்புகள். பிறகு எல்லோர் திரையிலும் தெரிந்தது. பிரிண்டர்தான் செத்துக் கிடக்கிறதே என்ற தைரியத்தில் ஆளுக்கொரு முறை அச்சுக் கட்டளை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

7. சரியாக அப்போது அலுவலக உதவியாளர் பொன்னுரங்கம் படத்தின் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம், பிரிண்டருக்குக் கரண்டே இல்லாம கீது. சார் அத்தப் புடுங்கிட்டுத்தான் சீரியல் லைட்டு மாட்டிக்கீறாரு" என்றார். பக்கத்தில் விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருந்ததால், பிரிண்டரின் பச்சை விளக்கு அணைந்திருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் பிளக்கை மாற்றிச் செருகினார்.

8. கண்காணிப்பாளர் காலையில் கேட்ட ஒன்றும் நாங்கள் கேட்ட பதின்மூன்றும் வரிசையாக வரத் தொடங்கின. அவர் திரும்பி வந்தபோது ஐந்தாவது பிரதி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினார். "பூஜை போட்ட மெஷினு சார், நடுவுல நிறுத்தக்கூடாது" என்று பொன்னுரங்கம் குறுக்கே நின்றுகொண்டார். பொன்னுரங்கத்தைப் பற்றிய குறிப்பில் 'வருவது தெரியாது, போவது மட்டும் தெரியும்' என்று இருந்ததை ரத்னா அதற்குள் படித்துக் காட்டியிருந்தார்.

9. இரண்டு நாள் கழித்து எனக்கு 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்தது. 'மேலதிகாரியின் உத்தரவின்றித் தன்னிச்சையாகப் பதினான்கு கணினிகளின் பாதுகாப்பை நீக்கினார்' என்பது குற்றச்சாட்டு. பதினொரு ஆண்டுகளாக உதவியாளர் பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறேன். ஜனவரிப் பட்டியலில் என் பெயர் உள்ளது. இந்தக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் அது அடிபட்டுப் போகும். மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை, ஐயா.

10. என்னிடம் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லை. ஆனால் கண்காணிப்பாளரே எழுதிய வேறொன்று இருக்கிறது. என்னைப் பற்றிய இரகசியக் குறிப்பில் அவர் எழுதியிருப்பது: 'சொன்னதை மட்டுமே செய்வார். மேலதிகாரி உத்தரவின்றித் தன்னிச்சையாக ஒரு துரும்பையும் நகர்த்தமாட்டார். எனவே பதவி உயர்வுக்கு ஏற்றவரல்லர்.'

11. இரண்டும் ஒருவரே ஒரே வாரத்தில் எழுதியவை. இரகசியக் குறிப்பு உண்மையானால் குறிப்பாணையை ரத்து செய்து உதவ வேண்டுகிறேன். குறிப்பாணை உண்மையானால், நான் தன்னிச்சையாகப் பதினான்கு கணினிகளை மாற்றியமைக்கும் திறமை உள்ளவள் என்று இரகசியக் குறிப்பைத் திருத்திப் பதவி உயர்வு அளிக்க வேண்டுகிறேன். தாங்கள் எதை நம்பினாலும் எனக்குச் சம்மதமே.

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,
கோ. முத்துலட்சுமி

இடம்: அடையாறு
நாள்: 25.10.1999

இணைப்பு:
1. குறிப்பாணை நகல்.
2. இரகசியக் குறிப்பு, ஒரு பிரதி. தேவைப்பட்டால் இன்னும் பதின்மூன்று பிரதிகள் அலுவலகத்தில் உள்ளன.