பார்க்காமல் போட்ட கையெழுத்து

மார்ச் 4, திங்கள்
ஊர்க் குடிநீர் நிலையத்தின் மூன்றாவது பம்பில் கசிவு, சீல் மாற்றியாயிற்று. பத்தரை மணிக்கு ஸ்விட்ச் அறையில் ‘டொம்’மென்று ஒரு சத்தம். ஓடினேன். ஒரே புகை. எங்கள் ஆபரேட்டர் – நிதானம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம் – வலது கையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். “பாதியிலயே நின்னுடுச்சு அக்கா… பாதியிலயே…” ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தோம்.

மார்ச் 5
முழங்கை வரை கட்டு. உயிருக்குப் பயமில்லை. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

சாயங்காலம் ஸ்விட்சைத் திறந்து பார்த்தேன். லோடு பிரேக் ஸ்விட்ச். பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டிக்கத்தான் அதை வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் செப்புக் கத்திகள் வெடுக்கென்று விலகினால்தான் இடையில் எழும் நெருப்பு அணையும். கிரீஸ் காய்ந்து பிசினாக இறுகியிருந்தது. கத்திகள் நடுவழியில் சிக்கிக்கொண்டு, நெருப்பு வெளியே பாய்ந்திருக்கிறது.

பராமரிப்புப் பதிவேட்டில் ஜனவரி மாதத்துக்கு நேரே: ‘சுத்தம் செய்து, கிரீஸ் இட்டு, இயக்கிப் பார்க்கப்பட்டது. நன்று.’ கீழே என் கையெழுத்து.

நான் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

பராமரிப்புக்காக ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி மூன்று கடிதம் கொடுத்தேன். “ஊரே தண்ணி இல்லாம கத்தும், அடுத்த மாசம் பாக்கலாம்” என்றார் மேனேஜர், மூன்று முறையும். அப்புறம் தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் காலியாக இருந்த கட்டத்தை நிரப்பிவிட்டேன். அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை.

மார்ச் 12, செவ்வாய்
விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கை நகலை மேனேஜர் காட்டினார். ‘ஆபரேட்டர் கைப்பிடியை மெதுவாக இழுத்ததே விபத்துக்குக் காரணம்.’

“அவன் பேரே நிதானம்தானேம்மா. எல்லாத்துலயும் ஆமை வேகம். ரெஜிஸ்டர் சுத்தமா இருக்கு, உங்களுக்கும் தொந்தரவு இல்ல.”

நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? கழுத்தில் ஸ்பிரிங்கா இருக்கிறது எனக்கு?

மார்ச் 14
சோறு இறங்கவில்லை.

மார்ச் 18, திங்கள்
“பத்து நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்கியே” என்று காலையில் வீட்டுக்காரர் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேலை போயிடுமா?”

“போனாலும் போகும்.”

“சரி, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட போனா குரல் நடுங்கும்.”

விசாரணைக் குழுவிடம் சொன்னேன். மூன்று கடிதங்களையும் வைத்தேன். மேனேஜர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் நடுங்கத்தான் செய்தது.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. நிதானத்திடமும் நானே சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவிதான் பேசினாள். “கண்ணை மூடினாலே ‘நான்தான் மெதுவா இழுத்துட்டேனோ’ன்னு புலம்புறாரு. ரெண்டு வாரமா. நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 3, புதன்
வேலை போகவில்லை. எழுத்தில் கண்டனம், மூன்று வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. மேனேஜருக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. அறிக்கையிலிருந்து ‘மெதுவாக’ என்ற சொல்லை அடித்துவிட்டார்கள். அதை மட்டும் நான்கு தடவை வாசித்தேன்.

புது ஸ்விட்சைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். “பட்டவங்க பாத்து வாங்குவாங்க” என்றாராம் குழுத் தலைவர். பட்டது நானா என்ன? நிதானத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்
ஸ்விட்ச் கம்பெனிகளின் ஆட்கள் இரண்டு பேர் மாதிரிகளோடு வந்தார்கள். நிதானம் கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்தான். என்னை ‘மேடம்’ என்றான். முன்பெல்லாம் அக்காதான்.

முதல் ஆள்: “மெயின்டெனன்ஸே வேண்டாம் மேடம். மாட்டிட்டு மறந்துடலாம்.”

“மறந்துதான் சார் இங்க வந்து நிக்கிறோம்” என்றேன்.

இரண்டாமவரிடம் நிதானம் ஒன்றே ஒன்று கேட்டான். “நான் மெதுவாத் திருப்பினா என்ன ஆகும்?”

அவர் கைப்பிடியை நீட்டினார். நிதானம் இடது கையால் திருப்பினான், மெல்ல, மெல்ல, எனக்கே பொறுமை போகும் அளவுக்கு. ஓரிடத்தில் ‘டக்’கென்று ஸ்பிரிங் தானாகத் தட்டியது, கத்திகள் விலகிவிட்டன.

“உங்க கை ஸ்பிரிங்கை ஏத்துறதோட சரி. வேகம் அதோடது” என்றார்.

நிதானம் மறுபடி திருப்பினான். மறுபடியும். பதினொரு தடவை. கடைசித் தடவை சிரித்துவிட்டான்.

அந்த ஸ்விட்சைத்தான் பரிந்துரைத்து எழுதினேன். கத்தி விலகியதைக் கண்ணால் பார்க்க ஒரு கண்ணாடி; மிச்ச மின்சாரத்தை மண்ணில் இறக்கி எர்த் செய்யாமல் திறக்காத கதவு; பக்கத்து அறையிலிருந்தே பொத்தானில் இயக்க மோட்டார். அதோடு, வருஷத்துக்கு இரண்டு நாள் கட்டாய நிறுத்தம். இது இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். திமிர் என்பார்கள். சொல்லட்டுமே.

ஜூலை 22, திங்கள்
புது ஸ்விட்சுக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று. நிறுத்த நாட்களை மேனேஜரே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நிதானம் வேலைக்குத் திரும்பிவிட்டான். இரண்டு விரல் மடங்கவில்லை. பொத்தானை அழுத்தும் முன் என்னைத் திரும்பிப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க அக்கா” என்றான்.

நவம்பர் 16, சனி
இன்றுதான் முதல் நிறுத்தம். நிதானம் இப்போது ஷிப்ட் பொறுப்பாளன். “நீங்க பாப்பாவோட ஓட்டப் பந்தயத்துக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்” என்றான். போனேன். மகளின் பள்ளி மைதானத்து வெயில் மண்டையைப் பிளந்தது.

பதினொரு மணிக்கு அவனிடமிருந்து செய்தி. ‘ரெண்டாவது ஃபேஸ் கம்பியில மின்தடை ரீடிங் கூட இருந்துச்சு. கேபிள் போல்ட்டை இறுக்கி மறுபடி அளந்தேன், சரியாயிடுச்சு. ரெஜிஸ்டர்ல ரெண்டு எண்ணையும் எழுதிட்டேன். பம்ப் ஓடுது.’

போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். மகள் நான்காவதாக வந்தாள். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.